மூன்றாவது ஆள் எப்போது வருவார்

எங்கள் கிளப்பின் கோல்கீப்பர் கோச் சீசன் நடுவில் வேலையை விட்டுவிட்டுப் போனார். பக்கத்து நாட்டில் ஒரு பெரிய கிளப் கூப்பிட்டது, போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல இடம் கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்? கிளப் கொடுத்த வில்லாவின் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் போனாரே, அதில்தான் வருத்தம். சாவிகளுக்குப் பொறுப்பு நான்.

நான் அங்கே டீம் அட்மின். பெயரைக் கேட்டால் பெரிய உத்தியோகம் போலத் தெரியும். ஆட்டக்காரர்களுக்கு விசா அடிப்பது, சிம் கார்டு வாங்கித் தருவது, ஏசி ஒழுகினால் ஆள் கூப்பிடுவது, வெளிநாட்டு ஃபார்வர்டின் மாமியாருக்குப் பல்வலி என்றால் டாக்டரைப் பிடிப்பது, இவைதான் வேலை. "பந்தைத் தவிர மத்த எல்லாத்தையும் இவருதான் ஒதைக்கிறாரு" என்று என் மனைவி வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி பக்கம். சின்ன வயதில் கபடிதான் தெரியும். கால்பந்து இங்கே வந்து சம்பளத்துக்காகக் கற்றுக்கொண்டது.

ஜெபல் அலியைத் தாண்டி, துபாயின் பளபளப்பெல்லாம் தீர்ந்த பிறகு வருகிற ஓர் ஊரில் இருக்கிறது கிளப். புரொஃபஷனல் கிளப்தான், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள்தான். ஆனால் இரண்டாம் டிவிஷன். சில ஆட்டங்களுக்கு ஆட்களைவிட ஸ்டேடியத்துப் பூனைகள் அதிகம் வரும். இதை நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும்.

கோல்கீப்பருக்கென்று தனியாக ஒரு கோச்சா என்று ஊரில் கேட்கிறார்கள். ஆமாம், தனிதான். பதினோரு பேரில் பந்தைக் கையால் பிடிக்கிற ஒரே ஆள் அவன். மற்றவர்கள் தவறு செய்தால் மறந்துபோகும், அவன் தவறு செய்தால் கோல். அதனால் அவனுக்குப் பந்தை உதைத்து உதைத்துப் பிடிக்கப் பழக்க ஒருவர் வேண்டும். எங்களிடம் மூன்று கீப்பர்கள் இருந்தார்கள். கோச் போன பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் பந்தை எறிந்துகொண்டு, தாய் வராத குஞ்சுகள் மாதிரி கோல் கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்து வந்த ஆட்டங்களில் வாங்கிய கோல்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதீரிடம் வந்தது. மேலாளரை இங்கே எல்லோரும் முதீர் என்பார்கள். எங்கள் முதீர் இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். வந்த விண்ணப்பங்களை உட்கார்ந்து படிக்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. "படித்து என்ன தெரியும்? மைதானத்தில் பார்த்துக்கொள்வோம்" என்றார். விண்ணப்பித்தவர்களில் மூன்று பேரை நான் பொறுக்கி வரச் சொல்வது, ஆளுக்கு ஒரு சாயங்காலம் நம் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வது, பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "தங்க இடம் ஏற்பாடு செய்" என்று என்னிடம் சொன்னார்.

ஏற்பாடு செய்தேன். மூன்று ஆண்கள், மூன்று ரூம் உள்ள ஒரு வில்லா, ஒரு கிச்சன். வளைகுடாவில் காலம் தள்ளிய எவனுக்கும் இதைத் தவிர வேறு யோசனை வராது. நானே இங்கே வந்த புதிதில் ஒரே ரூமில் ஆறு பேரோடு படுத்து எழுந்தவன். ஆளுக்கொரு ரூம் கொடுத்திருக்கிறோமே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. வீட்டில் போய்ச் சொன்னதும் என் மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"ஏங்க, ஒரு பொண்ணப் பாக்க வந்த மூணு மாப்பிள்ளைங்கள ஒரே வீட்ல தங்க வச்சிட்டு வந்திருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் ஏற்கெனவே முதல் ஆள் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் மாட்டியிருந்தார்.

அவர் செர்பியாக்காரர். நெட்டையாக, நரைத்த தலையோடு, எப்போதும் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நடையில் ஒரு சாய்மானம் இருந்தது. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இந்த வேலை கிடைத்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்று கார் கிளம்பி ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டாமவர் மொராக்கோக்காரர். அவருடைய நாட்டில் ஒரு காலத்தில் பெரிய கீப்பர். அரபு நாடுகளில் நடுவயதுக்காரர்கள் இன்றும் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஏர்போர்ட்டில் ஒரு டாக்ஸி டிரைவர் தன்னைக் கண்டுகொண்டதை அன்று மாலைக்குள் அவர் மறுபடி மறுபடி சொன்னார். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற புகழ்பெற்ற மனிதரின் கஷ்டம் அந்தச் சொல்லில் இருந்தது. எனக்கு அவரையும் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது ஆளை அழைத்துவர நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. மெட்ரோவின் கடைசி ஸ்டேஷன் வாசலில் ஒரு தோள்பையோடு நின்றான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சர்ச்சுக்கு முன்னால் மணலில் பந்து உதைத்துத்தான் பிள்ளைகள் நடக்கவே பழகும் என்பார்கள். இவனும் மாநில அளவில் கீப்பராக ஆடியவன். இப்போது ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை, தொழிலாளர் கேம்பில் தங்கல். ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூட அகாடமியில் கீப்பர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

காரில் ஏறியவன் தோள்பையை மடியிலேயே வைத்துக்கொண்டான். பிறகு, "அண்ணே, ஒரு காரியம் கேக்கட்டா? இந்த வேலைக்கு பேமிலி ஸ்டேட்டஸ் உண்டா?" என்றான்.

உண்டு என்றேன். மனைவி பிள்ளைகளை அழைத்து வந்து வைத்துக்கொள்ள விசா கிடைக்கும், சின்னதாக ஒரு ஃபிளாட்டும் உண்டு.

"எனக்க மொவளுக்கு அஞ்சு வயசு ஆவப் போவுது. அவ என்ன நேர்ல பாத்தது ஞானஸ்நானத்துக்குத்தான். பெறவு வந்த ரெண்டு லீவையும் கோச்சிங் லைசென்ஸ் படிக்கப் போட்டுட்டேன். அந்த லைசென்ஸ் இல்லேன்னா இந்த மாதிரி வேலைக்கு கேக்கக்கூட முடியாதுல்லா. அவளுக்கு அப்பான்னா போனுக்குள்ள இருக்க ஆளு."

"வீட்ல என்னப்பா சொல்றாங்க?"

"சொல்லியாச்சு. ஒண்ணுல எங்கள அங்க கூப்பிடு, இல்லேன்னா நீ இங்க வா. ரெண்டும் இல்லேன்னா இனி போன் பண்ணாண்டாம்னு." சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "இது கிடைக்கல்லேன்னா ஊருக்குப் போயிருவேன் அண்ணே. அண்ணன்மாருக்க மீன்பிடி போட்டு இருக்கு. கடலுக்குப் போறது ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா பந்து அதோட முடிஞ்சிரும்."

வில்லாவில் அவனுக்கு ரூமைத் திறந்து காட்டினேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, "இது எனக்கு மட்டுமா?" என்று கேட்டான். போட்டியாளர்கள் மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால் கிச்சனில் மீன் குழம்பு வாசனை. தம்பி காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்குப் போய் வந்துவிட்டிருந்தான். செர்பியாக்காரர் முகமெல்லாம் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழம்பை விடாமல் ரொட்டியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். மொராக்கோக்காரர் புதினா டீயை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே ஏதோ பழைய பெனால்டிக் கதை சொன்னார். லேப்டாப்பில் யாரோ ஒரு கீப்பர் பாய்ந்து பாய்ந்து விழுந்துகொண்டிருந்தான். மூன்று பேரும் அதைப் பார்த்து ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டார்கள். நான் பயந்தது வேறு, நடந்தது வேறு. எனக்கும் ஒரு தட்டு வந்தது, சாப்பிட்டேன். என் மனைவி வைக்கிற குழம்பைவிட நன்றாக இருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

முதல் சாயங்காலம் செர்பியாக்காரருடையது. ஜனவரி மாதம், வெயில் இறங்கியதும் காற்று குளிர்ந்துவிடும். முதீர் மேலே நிழற்கூரைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். மற்ற இரண்டு பேரையும் நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விட்டிருந்தேன், யார் யாரென்று முதீர் கேட்கவில்லை. செர்பியாக்காரரின் திட்டம் அழகாக இருந்தது. எந்தக் கீப்பர் எங்கே நிற்க வேண்டும், எங்கே விழ வேண்டும் என்று தரையில் பிளாஸ்டிக் கூம்புகள் வைத்துக் காட்டினார். ஆனால் பந்தை ஓங்கி உதைக்க இடுப்பு விடவில்லை. கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்துவிட்டது. தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொன்னான். அதன் பிறகு அவர் கை காட்டினார், இவன் உதைத்தான். இடமா வலமா, தரையோடா தலைக்கு மேலா, அவர் விரல் காட்டுகிற இடத்துக்குப் பந்து போயிற்று.

நடுவில் சூரியன் மறைந்ததும் வருகிற மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் கிளப்பில் அந்த நேரத்தில் எல்லாம் அப்படியே நிற்கும். ஆட்டக்காரர்களும் முதீரும் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விரித்திருக்கும் பாய்களுக்குப் போவார்கள். தொழாத நாங்கள் சிலர் காத்திருப்போம். பயிற்சி வேளை என்பதால் பந்துகள் மைதானம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். தம்பி அந்த இடைவேளையில் எல்லாப் பந்தையும் பொறுக்கி வலைப்பையில் போட்டு, கூம்புகளை அடுத்த பயிற்சிக்கு மாற்றி வைத்து, கம்பத்தடியில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிவிட்டான். முதீர் தொழுதுவிட்டு வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

இரண்டாம் சாயங்காலம் மொராக்கோக்காரருடையது. அவர் திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை, மனிதர் நின்றாலே கீப்பர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அன்றும் அதே கதை. தொழுகை நேரத்தில் தம்பி குனிந்து குனிந்து பந்து பொறுக்கினான். மொராக்கோக்காரரின் கையுறை கிழிந்திருந்தது, தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். மூத்த கீப்பர் விரலைச் சொடுக்கினால் தண்ணீரோடு ஓடினான்.

முதீர் மகிழ்ச்சியாக இருந்தார். காபியைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த ஹெல்பர் நல்ல சுறுசுறுப்பு. நீ கொண்டுவந்த ஆளா? சரி, மூன்றாவது ஆள் எப்போது வருவார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவன்தான் ஐயா மூன்றாவது ஆள் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் முதீர் சிரித்திருப்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேடிக்கையாகத்தான். ஆனால் அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் அதன் பிறகு தம்பி என்ன செய்தாலும் அந்தச் சிரிப்பு கண்ணில் நிற்கும். நான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு" என்றேன்.

திரும்பும்போது மற்ற இருவரையும் வில்லாவில் இறக்கிவிட்டு, தம்பியை மட்டும் காரில் இருக்கச் சொன்னேன்.

"ஏப்பா, நீ இங்க கேண்டிடேட்டா வந்தியா, கூலிக்கு வந்தியா?"

"என்னண்ணே?"

"முதீர் ஒன்ன ஹெல்பர்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. மூணாவது ஆளு எப்ப வர்றாருன்னு எங்கிட்ட கேக்குறாரு. ஒனக்கு வெக்கமா இல்லையா? யாரு ஒன்னப் பந்து பொறுக்கச் சொன்னது? யாரு தண்ணி எடுத்துக் குடுக்கச் சொன்னது?"

அவன் முகம் சின்னதாகிப் போனது.

"சும்மா நிக்க கை வரமாட்டேங்குதுண்ணே. வேர்ஹவுஸ்ல ஒரு நிமிஷம் சும்மா நின்னா யல்லா யல்லான்னு வெரட்டுற சத்தம் வரும். அப்படியே பழகிப் போச்சு. எங்கயாவது ஒரு சாமான் கீழ கெடந்தா எனக்க கை தானா போவுது. நான் நெனச்சு செய்யதில்ல."

கத்த நினைத்திருந்தேன், முடியவில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆபீஸில் யாராவது ஒரு டப்பாவைத் தூக்கினால் நானும் எழுந்துவிடுவேன். இங்கே வந்து முதல் சில வருஷங்கள் மூட்டை தூக்கியவன் யாரும் அதிலிருந்து முழுசாக மீள்வதில்லை. அது நல்ல குணமும்தான், அவனுக்கு விழுந்த அடியும்தான். எனக்கு அந்த நேரத்தில் முதீர் மேலும் கோபம், தம்பி மேலும் கோபம், என் மேலும் கோபம்.

"நாளைக்கு ஒரு பந்தக்கூட நீ எடுக்கக் கூடாது" என்றேன். "கூம்பத் தொடாத. பாட்டிலத் தொடாத. யாராவது தண்ணி கேட்டா வானத்தப் பாரு. கையப் பின்னால கட்டிக்க. நீ கோச்."

"சரிண்ணே."

"சத்தியம் பண்ணு."

"மாதா சத்தியம்" என்றான்.

மூன்றாம் சாயங்காலம் கிளப்பின் புதிய டிராக்சூட் ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டு உள்ளே அனுப்பினேன். முதீர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஃபைலை மும்முரமாகப் புரட்டினேன். அவர் உதட்டு ஓரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. நான் பயந்த சிரிப்பு அதுதான்.

ஆரம்பம் படுமோசம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான். குரல் வெளியே வரவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் இன்று கட்டளை போட்டால் கீப்பர்களுக்கும் எப்படி இருக்கும்? மூத்த கீப்பர் வழக்கம்போல் விரலைச் சொடுக்கினான். தம்பியின் தோள் அசைந்தது, கால் ஓர் அடி எடுத்தது, அப்படியே நின்றான். வானத்தைப் பார்த்தான். நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்துச் செய்கிறான் என்று எனக்கு அழுகையாக வந்தது. கெடுத்துவிட்டோம், இவனை அவன் போக்கில் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

பாங்கு சொன்னார்கள். முதீரும் கீப்பர்களும் மொராக்கோக்காரரும் தொழப் போனார்கள். மைதானத்தில் பந்துகள் சிதறிக் கிடந்தன. தம்பி அவற்றின் நடுவில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், கூடாது. பார்க்கவே பாவமாக இருந்தது. கால் பக்கத்தில் ஒரு பந்து கிடந்தது, அதைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெஞ்சில் இருந்த செர்பியாக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலைப்பையை எடுத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து உள்ளே போனார். குனிய முடியாமல், காலாலேயே ஒவ்வொரு பந்தாக உருட்டிச் சேர்த்தார். தம்பி பதறி ஓடப் போனான். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அன்றைக்கு நீ எனக்காக உதைத்தாய். இன்றைக்கு நீ கோச், நில்" என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குள் மொராக்கோக்காரர் தொழுகை முடித்து முதல் ஆளாக வந்தார். தொழுமுன் ஒளு செய்து கால் கழுவியபோது சுருட்டிய பேன்ட்டைக்கூட இன்னும் இறக்கவில்லை, காலில் தோல் ஷூ. அவரும் குனிந்து பந்து பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் இந்த வேலை தேவை. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மானம். எனக்கு எதிரே அந்த இரண்டு பேரும் தங்கள் போட்டியாளனுக்குப் பந்து பொறுக்கினார்கள். நான் இங்கே பார்த்த நல்ல காட்சிகளில் அதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

முதீர் வந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மொராக்கோக்காரரை அவர் பள்ளிக்கூட நாட்களில் டிவியில் பார்த்துக் கைதட்டியவர். அப்படிப்பட்ட மொராக்கோக்காரர் கையில் கூம்புகளை அடுக்கிக்கொண்டு தம்பியிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி அரபியில் கேட்டார், "கோச், இவற்றை எங்கே வைக்கட்டும்?"

தம்பிக்கு அரபி அவ்வளவு வராது. கோச் என்ற சொல் புரிந்தது. கையைப் பின்னாலிருந்து எடுத்து, இடத்தைக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆள். மூத்த கீப்பருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அவனே கேட்டு, "போய்க் குடித்துவிட்டு வா" என்று அனுப்பினான். பந்தை வைத்து உதைக்க ஓடுவான், கீப்பர் அவசரப்பட்டு ஒரு பக்கம் பாய்ந்துவிடுவான், இவன் உதைக்காமல் நின்றுவிடுவான். "வெயிட். வெயிட்." திரும்பத் திரும்ப அதையே சொன்னான். ஒரு கட்டத்தில் ஆங்கிலம் தீர்ந்துபோய், "முந்தாத மக்கா, பந்து உன்கிட்டதான் வரும், நீ முந்தாத" என்று ஊர்ப் பேச்சில் இரைந்தான். இந்த நாட்டுக்காரனான அந்தக் கீப்பருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தாலும் அடுத்த தடவை முந்தவில்லை, பிடித்துவிட்டான்.

அவன்தான் மூவரில் சிறந்தவனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதீர் காரணம் எதுவும் சொல்லவில்லை. செர்பியாக்காரரால் உதைக்க முடியாது. மொராக்கோக்காரர் இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம் கேட்டார், கிளப் இந்த சீசன் முடியும்வரைதான் என்றது. தம்பி கேட்டது ஒன்றே ஒன்று, பேமிலி விசா. கொடுத்தார்கள். மே மாதம் சீசன் முடிந்த பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது, முதீருக்கே அவர் நாற்காலி நிச்சயமில்லை. நியாயம் ஜெயித்தது என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். மற்ற இரண்டு பேரையும் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்திருந்தது. செர்பியாக்காரர் தம்பியிடம் குழம்புப் பொடி கேட்டு வாங்கிப் போனார்.

விசா என் கையால்தான் அடித்தேன். பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை விமானத்தில் அவன் மனைவியும் மகளும் வந்தார்கள். கிளப் காரை நான் ஓட்டிப் போனேன். தம்பி ஷேவ் செய்து, சட்டையை இன் செய்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழியெல்லாம் யார் யார் பெட்டியையோ தூக்கிவிட்டுக்கொண்டே வந்தான். பார்க்கிங்கில் ஒரு பாகிஸ்தான் பெரியவரின் மூட்டை, லிஃப்டில் ஒரு பிலிப்பினோ அம்மாவின் பை. இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். மனைவி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. பிள்ளை அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் மறைந்து நின்றது. கையில் விமானத்தில் கொடுத்த ஜூஸ் டப்பா.

"யாருன்னு பாரு, அப்பா" என்றாள் அவள்.

பிள்ளை எட்டிப் பார்த்தது. போனுக்குள் இருந்த ஆள் இவ்வளவு பெரிதாக இருப்பான் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி மறைந்துகொண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. போய்த் தூக்கிக்கொள்ளேன் என்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளப் பார்த்தேன். அவன் அசையவில்லை. மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். முழங்காலை மடித்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தான். கூப்பிடவில்லை, சிரித்துக் காட்டவில்லை, எட்டிப் பிடிக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் டிராலியோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் "யல்லா பாய்" என்று முனகினான். தம்பி திரும்பவில்லை.

பிள்ளைக்குச் செருப்பு வார் கழன்றிருந்தது. குனிந்து மாட்டப் பார்த்தது, கையில் டப்பா இருந்ததால் முடியவில்லை. அம்மாவைப் பார்த்தது, அவள் இரண்டு கையாலும் டிராலியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தது, நான் யாரென்றே தெரியாது. எதிரில் விரித்தபடி இரண்டு கை மட்டும் இருந்தது. இரண்டடி முன்னால் வந்து ஜூஸ் டப்பாவை அதில் வைத்தது.

"பிடிச்சுக்கிடுங்க" என்றது.

பிடித்துக்கொண்டான். எத்தனையோ பந்து பிடித்த கைகள், அந்தக் காலி டப்பாவை நசுங்காமல் ஏந்திக்கொண்டன. பிள்ளை வாரை மாட்டி முடித்து நிமிர்ந்தது. டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை, அதைப் பிடித்திருந்த அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

கார் நிற்கிற இடம் தூரம். பெட்டிகள் கனம், ஒரு டிராலிச் சக்கரம் வேறு கோணிக்கொண்டிருந்தது. பார்க்கிங் வரைக்கும் நானே தள்ளினேன். தம்பி முன்னால் நடந்து போனான், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பெட்டியைத் தூக்க வரவும் இல்லை.